ஐந்து பல் சாவி

இப்போதெல்லாம் யாரிடமும் ஒரு கதையை முழுசாகச் சொல்ல முடிவதில்லை. பாதியிலேயே காதைப் பொத்திக்கொண்டு, "முடிவைச் சொல்லிடாதீங்க" என்று கத்துகிறார்கள். காலை மிதித்தவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். முடிவைச் சொன்னவனோடு ஜென்மத்துக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. முடிவு தெரியாமல் இருப்பதில் என்ன சுகம் என்று எனக்கு விளங்கவில்லை. நான் முடிவை முதலில் கேட்கிற ஆள். அப்புறம்தான் சொல்கிறவன் எந்த இடத்தில் புளுகுகிறான் என்று பார்ப்பேன்.

முப்பத்தெட்டு வருடம் ஒரு கல் குவாரி வாசலில் எடைமேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். படிப்பு நாலாவதோடு சரி. ஆனால் எண் தெரியும், மூஞ்சி தெரியும். காலி லாரியை எடை போடும்போது சீட்டுக்குப் பின்னால் ஒரு ஆளை ஒளித்து வைப்பார்கள். கல்லை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது அவனை உள்ளேயே இறக்கிவிட்டு வருவார்கள். அந்த ஆள் கனத்துக்குக் கல் இலவசம். "எல்லாரும் இறங்கியாச்சா?" என்று டிரைவரைக் கேட்பேன். பதில் எனக்கு வேண்டியதில்லை. கேட்டுவிட்டு மூஞ்சியைப் பார்ப்பேன். அதிலேயே தெரிந்துவிடும். அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது என்னையே எடை போடுகிறார்கள். ரெண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்திக்கொண்டதால் திங்கள், புதன், வெள்ளி காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய், கையில் ரெண்டு ஊசியைக் குத்திக்கொண்டு, நாலு மணி நேரம் மெஷினில் ரத்தத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன். உள்ளே போனதும் ஒரு எடை, கிளம்பும்போது ஒரு எடை. நடுவில் குறைவது உடம்பில் தேங்கின தண்ணீர். அதிகம் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் எடை காட்டிக்கொடுத்துவிடும், சிஸ்டர் திட்டுவாள். அதனால் இங்கேயும் திருட்டுத்தனம் உண்டு.

எனக்கு இடது பக்கத்துக் கட்டில்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். செருப்பு, பெல்ட், கைக்கடிகாரம், சாவிக்கொத்து எல்லாவற்றையும் ஜன்னலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் எடை மெஷினில் ஏறுவார்.

"மூச்சையும் வெளிய விட்டுட்டு ஏறுங்க மாஸ்டர், கால் கிலோ குறையும்," என்பேன்.

"பெருசு, உங்க நாக்கை மட்டும் எடுத்து இதுல வச்சா மெஷின் உடைஞ்சிடும்," என்பார்.

வலது பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன். பையன் என்கிறேன், முப்பத்தொன்று ஆகிறது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துப் பொருத்துகிற வேலை. நாங்கள் கண்ணாடி என்றே கூப்பிடுவோம். இந்த ரெண்டு பேருக்கும் நடுவில் நான். இவர்கள் பேசுவதெல்லாம் என் வயிற்றைத் தாண்டித்தான் போய் வரும்.

பேச்சு என்றால் ஒரே பேச்சு. டிவியில் மாட்டி ஆடுகிற ஒரு விளையாட்டு. அதன் பேர் என் வாயில் நுழையாது. நான் கோட்டை என்று சொல்வேன். ஒன்று இரண்டு இல்லை, ஐந்து பாகம். பதினோரு வருடமாக வந்துகொண்டிருக்கிறதாம். மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற பெண்ணும் அதை ஆடுகிறவள்தான். குழாயை மாட்டிக்கொண்டே அவளும் சேர்ந்துகொள்வாள்.

கதை இதுதான். ஒரு பூட்டுக்காரன். அவன் தம்பியைப் பிடித்து மலைமேல் கோட்டைக்குள் போட்டுவிடுகிறார்கள். கதவுக்கு ஐந்து பல் வைத்த ஒரே ஒரு சாவி. ஒவ்வொரு பாகத்திலும் அவன் அலைந்து திரிந்து ஒரு பல்லைச் சம்பாதிக்கிறான். நாலாவது பாகத்தில் படகுத்துறைக்காரி ஒருத்தி, புதுச் சிறைச்சாலைக்கு ஒரு பூட்டு செய்து கொடுத்தால் நாலாவது பல்லைத் தருகிறேன் என்கிறாள். இவன் செய்து கொடுத்துவிடுகிறான். அதை வைத்துக்கொண்டு இவர்கள் ஒரு மாசம் சண்டை போட்டார்கள்.

"தம்பிக்காகத்தானே செஞ்சான் மாஸ்டர்? அதுல என்ன தப்பு?" இது கண்ணாடி.

"அந்தப் பூட்டுக்குள்ள நாளைக்கு எத்தனை பேரோட தம்பி கிடப்பான்? அதை யோசிச்சியா?"

"யோசிச்சுக்கிட்டே இருந்தா இவன் தம்பி உள்ளயே செத்துடுவானே."

"அவன் பூட்டுக்காரன்தானே?" என்றேன் நான். "பூட்டு செய்யாம முடியா வெட்டுவான்?"

மெஷின்காரப் பெண் சிரித்துவிட்டாள். "பெரியவர் கட்சி கண்ணாடி கட்சி."

நான் எந்தக் கட்சியும் இல்லை. ஆனால் ஆடாத விளையாட்டில் எனக்கும் ஒரு கருத்து வந்துவிட்டதே என்று எரிச்சலாக இருந்தது.

ஐந்தாம் பாகம் மட்டும் வார்டில் பேசக்கூடாது. அது கண்ணாடி போட்ட சட்டம். அவனுக்கு அவன் அண்ணன் ஒரு சிறுநீரகம் கொடுப்பதாக இருந்தது. லிப்ட் மாட்டுகிற வேலை செய்கிற அண்ணன், ரெண்டு பிள்ளைகள். பரிசோதனை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டு வந்தது. ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிற மாசத்தில்தான் ஐந்தாம் பாகத்தை ஆடுவேன், பெட்டியை வாங்கி மேல்தாளைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தான். அதுவரைக்கும் யாரும் மூச்சுவிடக் கூடாது.

ஆனால் பரிசோதனை நாட்களில் அவன் தாமதமாகத்தான் வருவான். அந்த ஒரு மணி நேரத்தில் மாஸ்டரும் அந்தப் பெண்ணும் அடித்துக்கொள்வார்கள். நான் நடுவில் படுத்திருக்கிறேன், காதை எங்கே கொண்டு போய் வைப்பது?

முடிவு இதுதான். பூட்டுக்காரன் ஐந்து பல்லோடு கோட்டைக் கதவுக்கு வந்துவிடுகிறான். சாவியைப் போட்டால் திரும்பவில்லை. சாவித் துவாரத்துக்குக் கீழே இன்னொரு ஓட்டை. அதில் கையை விட்டால்தான் சாவி திரும்பும். திரும்பினால் கை போய்விடும். உள்ளே தம்பி கதவைத் தட்டுகிறான். ஆடுகிறவன் பட்டனை அமுக்கினால் பூட்டுக்காரன் கையைத் தூக்குகிறான், ஓட்டை வரைக்கும் கொண்டுபோகிறான், எடுத்துவிடுகிறான். எத்தனை தடவை அமுக்கினாலும் அதேதான். கடைசியில் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டு மலையிறங்கி வீட்டுக்குப் போகிறான். ரெண்டு கையையும் கழுவுகிறான். சாப்பிட உட்காருகிறான். பெண்டாட்டி பரிமாறுகிறாள். யாரும் ஒன்றும் கேட்பதில்லை. சினிமா முடிகிற மாதிரி பேர் ஓட ஆரம்பித்துவிடுகிறது.

"பதினோரு வருஷம் சார்," என்றாள் அந்தப் பெண். "ஸ்கூல்ல இருந்து ஆடறேன். கட்டைவிரல் வீங்கற வரைக்கும் அமுக்கினேன். கையை விட மாட்டேங்கறான். அதுக்கு எதுக்கு என்னை அவ்வளவு தூரம் நடக்க வச்சான்?"

"அதுதான்மா நேர்மை," என்றார் மாஸ்டர். "கை போனா பூட்டுக்காரனுக்கு என்ன இருக்கு? ஊர்ல பத்து பேருல ஒன்பது பேரு அதைத்தான் செய்வான். மத்த விளையாட்டெல்லாம் நம்மளை ஏமாத்துது. இது ஒண்ணுதான் மூஞ்சிக்கு நேரா சொல்லுது."

"மூஞ்சிக்கு நேரா சொல்றதுன்னா கண்ணாடிகிட்ட சொல்லுங்களேன்," என்றேன் நான்.

மாஸ்டர் வலது பக்கத்துக் காலிக் கட்டிலைப் பார்த்தார். அப்போதுதான் மூன்று பேருக்குமே உறைத்தது. சட்டம் போட்டது அவன். ஆனால் அதற்குப் பிறகு அவன் கேட்டிருந்தாலும் நாங்கள் யாரும் சொல்லியிருக்க மாட்டோம்.

அண்ணன்காரனை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அவன் ஒரு கெடுதலும் செய்யவில்லை. தம்பியை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவான், நாலு மணி நேரம் வராண்டாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் பைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், கூட்டிக்கொண்டு போவான். யாரைக் கண்டாலும் எழுந்து இடம் கொடுப்பான். அவ்வளவு நல்லவனாக ஒருத்தன் இருந்தால் எனக்குச் சீட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கத் தோன்றும்.

ஒரு புதன்கிழமை. எல்லாம் பொருந்திவிட்டது, தேதி குறிக்க வேண்டியதுதான் பாக்கி என்று சிஸ்டர் சொல்லியிருந்த வாரம். கண்ணாடியை ரத்தம் எடுக்க உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். என் மெஷினை இன்னும் கழுவிக்கொண்டிருந்ததால் நான் வராண்டாவில் நின்றேன். அண்ணன்காரன் எழுந்தான்.

"உக்காருங்க பெரியவரே."

உட்கார்ந்தேன். அவன் சுவரில் சாய்ந்து நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி ஒரு விளையாட்டைப் பத்தியே பேசுறானே," என்றான். "என் கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஆடுவோம். முதல் பாகம் நான்தான் வாங்கிக் குடுத்தேன். அப்புறம் வேலை, குடும்பம்னு விட்டுப்போச்சு. அது கடைசியில எப்படி முடியுதாம்? உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் ஆடாத விளையாட்டு, யாரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் எனக்கு அவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டியிருந்தது. எல்லாரும் இறங்கியாச்சா என்று கேட்கிற அதே புத்தி. அதனால் சொன்னேன். ஓட்டை, கை, கிணறு, எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்குப் போய் ரெண்டு கையையும் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டானாம் அந்தப் பயல் என்று காறித் துப்புகிற மாதிரி சொன்னேன்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பேரு ஓடுதாம்."

"யாரும் ஒண்ணும் கேக்கலையா அவனை?"

"யார் கேப்பா?"

அவன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பைலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"பாவம்," என்றான்.

"யாரு, தம்பிக்காரனா?"

"பூட்டுக்காரன்," என்றான். அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் கண்ணாடியின் கட்டிலுக்கு வந்து, தோளில் கையை வைத்து, கடைசிப் பரிசோதனையில் அண்ணனுடைய சிறுநீரகம் பொருந்தவில்லை என்று சொன்னார். பதிவுப் பட்டியலில் பேர் இருக்கிறது, பார்க்கலாம் என்றார். கண்ணாடி, "சரிங்க சார்," என்றான். அவ்வளவுதான்.

பொருந்தினது எப்படிப் பொருந்தாமல் போகும்? ஒரே லாரி, ஒரே லோடு, எடை மாறினால் யாரோ இறங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சிஸ்டரைக் கேட்டேன். "டாக்டர் பொருந்தலைன்னா பொருந்தலை பெரியவரே," என்று சொல்லிவிட்டு, கலையாத தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள். மெஷின்காரப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"குடுக்கறேன்னு சொன்னவங்க மனசு மாறினா டாக்டர்கிட்ட தனியா சொல்லலாம். வீட்டுக்குத் தெரிய வேண்டாம்னா பொருந்தலைன்னுதான் சொல்லுவாங்க. இல்லன்னா குடும்பம் உடைஞ்சிடுமே. நான் பொதுவா சொல்றேன். இவர் விஷயம் எனக்குத் தெரியாது."

தெரியாதவள் ஏன் குரலைத் தாழ்த்த வேண்டும்?

திங்கட்கிழமை மூன்று பேருக்கும் ஊசி குத்தி, மெஷின் ஓட ஆரம்பித்து, அரை மணி நேரம் ஆகியிருக்கும். கண்ணாடி கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மாஸ்டர், கோட்டை அஞ்சாம் பாகம். முடிவைச் சொல்லிடுங்க. இனிமே எதுக்குக் காத்துக்கிட்டு?"

"நீயே ஆடிப் பாத்துக்கோயேம்ப்பா. வீட்லதானே இருக்கு."

"தெம்பில்ல மாஸ்டர். சொல்லுங்க."

மாஸ்டர் போர்வையை நெஞ்சு வரைக்கும் இழுத்துக்கொண்டார். "திறந்துட்டான்ப்பா," என்றார். "கை போனா போகட்டும்னு விட்டுட்டான். தம்பிக்காரன் வெளிய வந்துட்டான். ரெண்டு பேரும் மலையிறங்கிப் போறாங்க."

நான் அவரைப் பார்த்தேன். நேர்மை, மூஞ்சிக்கு நேரா என்று முழங்கின மனுஷன். அவர் என் பக்கமே திரும்பவில்லை.

"உனக்கும் அப்படித்தானா?" என்று கண்ணாடி அந்தப் பெண்ணைக் கேட்டான்.

"ஆமா. அழுதுட்டேன்," என்றாள். பாதி உண்மை.

"பெரியவரே, நீங்க சொல்லுங்க. உங்களுக்குத்தான் பொய் சொல்ல வராது."

"எனக்கென்ன தெரியும்? நானா ஆடினேன்?" என்றேன். முப்பத்தெட்டு வருடம் டிரைவர்கள் என்னிடம் சொன்ன மாதிரியே சொன்னேன்.

"நான் ஆடினேன்," என்றான் கண்ணாடி.



"வந்த அன்னைக்கே ஆடி முடிச்சிட்டேன். அப்புறம் கடையில கண்ணாடிப் பெட்டிக்குச் சுத்துற தாளைக் கொண்டு போய், புதுசு மாதிரி சுத்தி வச்சேன். முக்கா மணி நேரம் அந்தப் பட்டனை அமுக்கினேன் மாஸ்டர். கையைத் தூக்குறான், எடுத்துடுறான்."

"ஏன்டா மறைச்சே?" என்றார் மாஸ்டர்.

"பாத்துட்டேன்னு சொன்னா இங்க பேசுவீங்க. இங்க பேசினா வராண்டாவுல கேக்கும். வராண்டாவுல அண்ணன் உக்காந்திருப்பார்." ஊசி இல்லாத கையால் போர்வை ஓரத்தைத் தேய்த்தான். "அவர் மனசுல அப்படி ஒண்ணு இல்லாம இருக்கலாம். நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடக்கூடாதுன்னு நினைச்சேன். போன புதன்கிழமை ஸ்கூட்டர்ல போறப்ப கேட்டார். உன் விளையாட்டுல அந்தப் பூட்டுக்காரன் வீட்டுக்குப் போனப்புறம் யாரும் ஒண்ணும் கேக்கலையாமேன்னு. எனக்கு வண்டியில இருந்து குதிச்சிடலாம் போல இருந்துச்சு. யார் சொன்னது அவர்கிட்ட?"

"நான் இல்லப்பா," என்றார் மாஸ்டர் உடனே.

அந்தப் பெண்ணும் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"நான்தான்," என்றேன்.

கண்ணாடி என் பக்கம் திரும்பினான். "ஏன்?"

"அவன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கறதுக்கு."

"எப்படிப் போச்சு?"

"தெரியல," என்றேன். அது உண்மை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அத்தனை வருட வேலையில் அப்படி ஆனதில்லை.

அவன் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். கையில் மாட்டியிருந்த குழாய் விட்ட அளவுக்கு அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான். மிச்ச மூன்று மணி நேரமும் அவன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் மாஸ்டருக்கும் முதலில் ஊசியை எடுத்தார்கள். ரத்தம் நிற்கிற வரைக்கும் பஞ்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தோம்.

"விடுங்க பெருசு," என்றார் மாஸ்டர். "அவன் முன்னாடியே முடிவு பண்ணியிருப்பான். ஒரு விளையாட்டுக் கதையைக் கேட்டுட்டா எவனாவது கிட்னி தரமாட்டேம்பானா? ரெண்டு பிள்ளைங்க, கயித்துல தொங்கற வேலை. நீங்க சொன்னாலும் சொல்லாட்டியும் அவன் டாக்டர்கிட்ட போயிருப்பான்."

"நீங்க ஏன் திறந்துட்டான்னு சொன்னீங்க?" என்றேன்.

அவர் பஞ்சைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி அமுக்கிக்கொண்டார்.

மெஷின்காரப் பெண் குழாய்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனவள் நின்றாள். என்னைச் சமாதானப்படுத்தத்தான் நின்றாள், பாவம். "மாஸ்டர் சொல்றது சரி பெரியவரே. இந்த மாதிரி பாதிப் பேர் கடைசி வாரத்துலதான் சொல்லுவாங்க. இவரும் ரொம்ப நாளா யோசிச்சிருப்பார். வியாழக்கிழமை காலையில டாக்டர் ரூம் கதவு திறக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னாராம்."

விஷயம் தெரியாது என்று சொன்னவள் அவள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் சொன்னது புதன்கிழமை. அதை அவளிடம் சொல்லவில்லை.

எடை பார்த்தார்கள். ரெண்டு கிலோ முந்நூறு குறைந்திருந்தது. "நல்லா இறங்கியிருக்கு," என்றாள் சிஸ்டர், நோட்டில் எழுதிக்கொண்டே.

வராண்டாவில் அவன் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பொருந்தவில்லை என்றான பிறகும் தம்பியைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறான். மடியில் பைல் இல்லை. ரெண்டு கையையும் முழங்காலில் வைத்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான்.

"உக்காருங்க பெரியவரே. களைப்பா இருப்பீங்க."

அவன் மூஞ்சியைப் பார்க்கவில்லை. நாற்காலியைத்தான் பார்த்தேன்.

"பஸ் வந்துடும்," என்றேன்.

பஸ் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வரும். அது அவனுக்கும் தெரியும். எத்தனை நாள் அங்கே உட்கார்ந்திருந்தவன். படியிறங்கி, கேட்டைத் தாண்டி, நிறுத்தத்தில் நிற்காமல் வெயிலில் நடந்தேன். எப்படியும் போயிருப்பான் என்கிறார் மாஸ்டர். எப்படியும் என்றால் வியாழக்கிழமைதான் போக வேண்டுமா? அடுத்த நிறுத்தம் வரைக்கும் அதையே கேட்டுக்கொண்டு போனேன்.